பழைய ஐ5 டெஸ்க்டாப்: டிஸ்க் 100%, தேதி 2014க்குப் போகிறது, கேபினெட் தொட்டால் ஷாக். போர்டு போச்சா?

#1 வெண்ணாற்றங்கரை

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் விவரம்: இன்டெல் ஐ5-4460, ஹெச்81 சிப்செட் போர்டு, ரேம் ஸ்லாட் இரண்டு, அதில் ஒன்றில் மட்டும் 4 ஜிபி டிடிஆர்3. 1 டிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. எஸ்எம்பிஎஸ் (மின்சப்ளைப் பெட்டி) கேபினெட்டோடு வந்தது, 450 வாட் என்று ஸ்டிக்கர். விண்டோஸ் 10.

ஆன் செய்தால் திரை வர 6, 7 நிமிடம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று சிவந்து நிற்கிறது, ஆனால் வேகத்தைப் பார்த்தால் 1 எம்பி, 2 எம்பிதான். கரண்ட் போய் வந்தால் தேதி 2014 ஜனவரிக்குப் போய்விடும். அன்றைக்கு பேங்க் சைட்டு, மெயில் எதுவும் திறக்காது. போதாக்குறைக்கு கேபினெட் பின்பக்க ஸ்க்ரூவில் விரல் பட்டால் சுரீர் என்கிறது.

கடையில் "போர்டு போச்சு, புது சிஸ்டமே எடுத்துடுங்க" என்றார்கள். பிரவுசர், வேர்டு, ஆன்லைன் வகுப்பு, பிரின்ட், இவ்வளவுதான் வேலை. பழைய தமிழ் டாக்குமென்ட் ஏகப்பட்டது உள்ளே இருக்கிறது. எதில் கைவைப்பது?

#2 ரேம்ராசு

4 ஜிபியில விண்டோஸ் 10 ஓட்டினா இப்படித்தான் ப்ரோ. முதல்ல 16 ஜிபி ரேம் போடுங்க, பறக்கும்.

#3 ஈயப்பற்று

ராசு, ரேம் குறைவு என்பது உண்மை. ரேம் பற்றாமல் டிஸ்க்குக்குப் போனாலும் 100% காட்டலாம். ஆனால் 1 எம்பியில் 100% என்றால் டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துத் திணறுகிறதோ என்றும் சந்தேகப்பட வேண்டும். அதைப் பார்க்காமல் ரேம் வாங்குவது, பஞ்சர் டயரோடு பெட்ரோல் போடுகிற மாதிரி.

வெண்ணாறு, நீங்கள் சொன்னது மூன்று தனித்தனிக் கோளாறு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. மூன்றையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் "போர்டு" என்ற தீர்ப்பு.

தேதி: போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே. தேதி தப்பானால் சைட்டுகள் திறக்காததற்குக் காரணம், அந்தச் சான்றிதழ்கள் 2014இல் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைப்பதுதான். இன்னொரு விஷயம்: பேட்டரி தீர்ந்தால் பயாஸ் (ஆன் ஆனதும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) செட்டிங்கும் ஆதி நிலைக்குப் போகும். சில போர்டில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாறி, விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். அதைப் பார்த்துவிட்டு "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்பார்கள். பேட்டரி மாற்றியதும் பயாஸில் நுழைந்து தேதியையும் சாட்டா மோடையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிஸ்க்: டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டு, 05, 09, சி5, சி6, சி7 என்ற ஐந்து வரியின் கடைசி நெடுவரிசையை மட்டும் இங்கே எழுதுங்கள். மேலே "குட்" என்று நீலமாகக் காட்டினாலும் அதை நம்ப வேண்டாம், எண்தான் பேசும்.

ஒன்று மட்டும். எண் வரும்வரை டிஃப்ராக், செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் ஒழுங்குபடுத்தும், சோதிக்கும் கருவிகள்) எதையும் ஓட்டாதீர்கள்.

#4 மூணாவது பின்

ஷாக் விஷயத்துக்கு நான் வர்றேன், இதை யாரும் லேசா எடுத்துக்காதீங்க.

எஸ்எம்பிஎஸ் உள்ள வந்த உடனே ஒரு ஃபில்டர் இருக்கும். பேஸிலேர்ந்து பாடிக்கு ஒரு சின்ன கெபாசிட்டர், நியூட்ரலேர்ந்து பாடிக்கு இன்னொண்ணு. எர்த் சரியா இருந்தா அந்தக் கசிவு எர்த்ல இறங்கிடும், நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லன்னா ரெண்டு கெபாசிட்டருக்கும் நடுவுல பாடி தொங்கும், அதாவது 230ல பாதி, சுமார் 115 வோல்ட். கரண்ட் ரொம்பக் குறைவு, அதனால சுரீர்னு மட்டும் இருக்கு. எஸ்எம்பிஎஸ் ரிப்பேர்னு அர்த்தமில்ல. ஆனா இதே நிலையில பிரின்டர், டிவி, இன்வெர்ட்டர்ல ஓடுற மோடம்னு வேற வேற பிளக்குல இருக்கிறதை இதோட கோத்தீங்கன்னா யுஎஸ்பி போர்ட்டோ ஹெச்டிஎம்ஐயோ போகும். அதோட, எஸ்எம்பிஎஸ்குள்ள நிஜமாவே ஒரு நாள் பேஸ் பாடியில பட்டா, காப்பாத்த எர்த் இல்ல.

பழகின கை இருந்தா மல்டிமீட்டரை ஏசி 600 இல்ல 750ல வெச்சு சாக்கெட்ல பாருங்க. பேஸ்-நியூட்ரல் 230 பக்கம். பேஸ்-எர்த் அதே அளவு வரணும். நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டுக்குள்ள. பேஸ்-எர்த் 90, 140ன்னு அலைஞ்சா எர்த் வயர் எங்கயோ அறுந்திருக்கு, இல்ல போடவே இல்ல. பழகாத கைன்னா வயர்மேனைக் கூப்பிடுங்க.

சில பேர் சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால கோத்து "சரி பண்ணிட்டேன்"பாங்க. விடாதீங்க. எப்பவாவது நியூட்ரல் அறுந்தா கேபினெட் முழுக்க 230 வரும்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்க. மூணு ஓட்டை இருந்தாலும் பல மலிவு பாக்ஸ்ல உள்ள ரெண்டு வயர்தான் ஓடும். ஸ்க்ரூ கழட்டினா தெரிஞ்சிடும்.

#5 வெண்ணாற்றங்கரை

எண்கள்:
05: 0
09: 5எஃப்3சி
சி5: 18
சி6: 18
சி7: 4பி2

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டே வயர்தான். பச்சை வயரே இல்லை. சுவர் சாக்கெட்டில் வயர்மேன் அளந்ததில் பேஸ்-எர்த் 228.

#6 மூணாவது பின்

அப்போ வீட்டு எர்த் நல்லா இருக்கு, பாக்ஸ்தான் திருடன். மூணு கோர் வயர் உள்ள பாக்ஸ் வாங்கிடுங்க, இல்ல நேரா சுவர்லயே சொருகுங்க. என் வேலை முடிஞ்சது.

#7 ஈயப்பற்று

அந்த எண்கள் பதினாறு அடிமானத்தில் இருக்கின்றன. மெனுவில் மூல மதிப்பைப் பத்து அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பிரித்துச் சொல்கிறேன்.

09 என்பது ஓடிய மணிநேரம்: 24,380. வயதுதான், சாகிற வயதில்லை.

சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்): 24. உங்கள் 1 எம்பி மர்மம் இதுதான். விண்டோஸ் கேட்கிற ஃபைலில் ஒரு துண்டு அந்த 24இல் ஒன்றில் இருந்தால், டிஸ்க் பல விநாடி தலையை ஆட்டி ஆட்டி முயற்சி செய்யும். அதுவரை பின்னால் வரிசையில் நிற்கிற எல்லா வேலையும் காத்திருக்கும். வேலை நடப்பதில்லை, ஆனால் டிஸ்க் "பிஸி". அதுதான் 100%.

05 பூஜ்யம் என்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். கெட்ட செக்டரை மாற்று இடத்துக்குத் தள்ளுவது, அதன் மேல் மறுபடி எழுதும்போதுதான் நடக்கும். யாரும் எழுதவில்லை, அதனால் இன்னும் தள்ளவில்லை.

சி7 வேறு கதை: 1,202. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே கேபிளில் தரவு சிதைந்து மறுபடி அனுப்பப்பட்ட எண்ணிக்கை. இது டிஸ்க்கின் குற்றமில்லை. சாட்டா டேட்டா கேபிளை மாற்றுங்கள். எண் குறையாது, குறைய வழியே இல்லை. ஏறாமல் 1,202லேயே நின்றால் கேபிள்தான் காரணம்.

செக்டிஸ்க் ஏன் வேண்டாம் என்றேன் தெரிகிறதா? "ஸ்லாஷ் ஆர்" போட்டால் அது டிஸ்க் முழுவதையும் வாசிக்கும், படிக்க முடியாத இடத்தில் இருந்த ஃபைலை வெட்டி ஒட்டும். தளர்ந்த டிஸ்க்கை முதலில் ஓடவிட்டுக் களைப்படையச் செய்துவிட்டு, பிறகு பேக்கப் எடுக்கக் கூடாது.

#8 கோப்பன்

பேக்கப் வரிசை சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

விண்டோஸை பூட் செய்யாதீர்கள். அது ஆன் ஆனதுமே ஆயிரம் ஃபைலைத் தொடும். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து நேரலையாக பூட் செய்து, வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். முதலில் திரும்பக் கிடைக்காதவை: போட்டோ, டாக்குமென்ட், ஸ்கேன் செய்த சான்றிதழ். பிறகு மெயில் ஃபைல், பிரவுசர் புக்மார்க். சினிமா, பாட்டு கடைசியில். ஒரு ஃபைலில் மாட்டிக்கொண்டால் தாண்டி விடுங்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அந்த 24 செக்டரில் முக்கியமான ஃபைல் ஏதாவது மாட்டினால்தான் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ (கெட்ட டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் கருவி). முதல் ஓட்டம் "மைனஸ் என்" கொடுத்து, சுலபமாக வருவதை மட்டும் அள்ளுங்கள். இரண்டாம் ஓட்டத்தில் மூன்று முறை மறுமுயற்சி. மேப் ஃபைல் கட்டாயம் கொடுங்கள், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலம் எது, சேருமிடம் எது என்பதை டிஸ்க் அளவைப் பார்த்து இரண்டு தரம் உறுதி செய்யுங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கைக் கொண்டுவந்து உங்கள் போட்டோ மேல் எழுதிவிடும், அது ஒரு கேள்வியும் கேட்காது.

இனி தமிழ் டாக்குமென்ட். அவை எந்த ஃபான்ட்டில்?

#9 வெண்ணாற்றங்கரை

சிலது பாமினி, சிலது வானவில் அவ்வையார். புதிது எல்லாம் யூனிகோடு.

#10 கோப்பன்

நினைத்தேன். பாமினியும் வானவில்லும் யூனிகோடு அல்ல. ஃபைலுக்குள் இருப்பது வெறும் ஆங்கில எழுத்தும் குறிகளும்தான், ஃபான்ட்தான் அதற்குத் தமிழ் முகம் போடுகிறது. புது விண்டோஸில் அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால் "அம்மா" இருந்த இடத்தில் "mk;kh" மாதிரி ஏதோ தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறி அழித்தவர்கள் உண்டு.

ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுசாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதில் அவற்றை நிறுவியதும் டாக்குமென்ட் பழையபடி தெரியும். பிறகு நேரம் கிடைக்கும்போது என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றுங்கள். பத்தி பத்தியாக மாற்ற வேண்டும். நடுவில் ஆங்கில வார்த்தை இருந்தால் அதுவும் தமிழாக மாறிக் குளறும், அதைக் கையால்தான் திருத்தணும்.

#11 ரேம்ராசு

சரி, டிஸ்க்தான் குற்றவாளி, ஒத்துக்கறேன். அப்ப என்விஎம்இ எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வேக டிஸ்க்) போட்டுடலாமே? சாட்டாவைவிடப் பல மடங்கு வேகம்.

#12 ஈயப்பற்று

ஹெச்81இல் அதற்கான எம்.2 ஸ்லாட் இல்லை. அடாப்டர் கார்டு போட்டால் நீளமான ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் இந்தக் காலத்து பயாஸ் பெரும்பாலும் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகாது. பயாஸைத் திருத்தி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வேர்டு அடிக்க அந்த ஆபத்து தேவையில்லை.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 480 அல்லது 500 ஜிபி போதும். ஹெச்81இல் நான்கு சாட்டா போர்ட் இருந்தால் இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டு 3 ஜிகாபிட். பல போர்டில் நிறம் வேறாக இருக்கும், பக்கத்தில் எழுத்தும் இருக்கும். எஸ்எஸ்டியை 6இல் சொருகுங்கள். தப்பாகச் சொருகினாலும் குடி முழுகாது: நேர்கோட்டு வேகம் 550இலிருந்து 280 பக்கம் இறங்கும், அவ்வளவே. அன்றாடம் நாம் உணர்வது சில்லறைச் சில்லறையாகப் படிக்கும் வேகம். அதில் ஹார்ட் டிஸ்க் 1 எம்பியைத் தாண்டாது, சாதாரண எஸ்எஸ்டியே 20, 30 எம்பி கொடுக்கும்.

பவர் கனெக்டர் போதவில்லை என்றால் மோலக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் துண்டு கேபிள் வாங்குவார்கள். வயர் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்க்கப்பட்ட கருப்பு மழமழ வகையை வாங்காதீர்கள். உள்ளே கம்பி நகர்ந்து 12 வோல்ட்டும் எர்த்தும் ஒட்டி எரிந்த கதைகள் நிறைய. பின்பக்கம் திறந்து, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பிடிப்பில் உட்கார்ந்திருப்பது தெரிகிற வகை நல்லது.

பொருத்த பிராக்கெட் இல்லையா? டபுள் டேப் போதும். சுழலும் பாகம் எதுவும் அதற்குள் இல்லை.

ரேமுக்கு வருவோம், இதில்தான் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ ஏமாறுகிறார்கள். மலிவாக "8 ஜிபி டிடிஆர்3 டெஸ்க்டாப்" என்று வரும். கீழே பொடி எழுத்தில் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. அதிலிருக்கும் சிப்பின் அமைப்பு இன்டெல் போர்டுக்கு ஒத்துவராது. திரை கருப்பாகவே நிற்கும். அதேபோல, 4ஆம் தலைமுறை இன்டெல் டிடிஆர்3இல் ஒரு சிப்புக்கு 4 ஜிகாபிட் வரைதான் ஏற்கும். ஆகவே 8 ஜிபி ஸ்டிக்கில் பக்கத்துக்கு 8 வீதம் 16 சிப் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 8 சிப் என்றால் வாங்காதீர்கள். கடையில் ஸ்டிக்கைத் திருப்பி எண்ணிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் வேலைக்கு இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்கினாலே போதும். இரண்டு ஸ்லாட்டும் நிரம்புவதால் டூயல் சேனலும் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது) ஓடும், உள் கிராஃபிக்ஸுக்கு அது நல்லது. 1600 வேகம்.

#13 பைட்டுப்பெட்டி

பொருத்தும்போது: பிளக்கை உருவி, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடிங்க, மிச்சக் கரண்ட் இறங்கிடும். ரேமின் வெட்டுக்கு நேரா ஸ்லாட்டின் மேடு வரணும். இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால அமுக்கினா 'டக்'னு சத்தம் கேட்கணும். ஒரு பக்கம் மட்டும் டக்கினா திரை வராது, "புது ரேம் ஃபால்ட்"னு கடைக்கு ஓடுவீங்க.

பழைய ரேமை ரப்பர் வெச்சுத் தேய்க்கிற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு. தேய்க்கலாம், மெதுவா. ஆனா ரப்பர் தூள் ஒரு துணுக்குகூட ஸ்லாட்டுக்குள்ள போகக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணி அதைவிட மேல்.

போட்டதும் மெம்டெஸ்ட்86 பிளஸ் பென்டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். "ஒண்ணுதானே"ங்கிற பேச்சே கிடையாது.

திறந்தது திறந்தாச்சு, ஃபேனையும் பாருங்க. ஹீட்சிங்க் இடுக்குல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கங்க, சும்மா சுத்தவிட்டா பேரிங் போகும். பேஸ்ட் மாத்தணும்னா நாலு பிளாஸ்டிக் பின்னையும் அம்பு காட்டுற பக்கம் திருப்பி இழுங்க. பேஸ்ட் ஒரு அரிசி அளவு, நடுவுல. மறுபடி போடும்போது பின்னைப் பழைய நிலைக்குத் திருப்பிட்டு, எதிரெதிர் மூலையா அமுக்குங்க. போர்டுக்குப் பின்பக்கம் நாலு பின்னும் விரிஞ்சு நிக்குதான்னு பாக்காம மூடாதீங்க. மூணு பின்ல நின்னா கொஞ்ச நேரத்துல சூடேறித் தானா ஆஃப் ஆகும்.

#14 வெண்ணாற்றங்கரை

நன்றி. பேக்கப் முடிந்தது, நான்கு போட்டோ மட்டும் வரவில்லை. இனி பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்யவா, புதிதாகப் போடவா? விண்டோஸ் 11 போடலாமா?

#15 கோப்பன்

குளோன் வேண்டாம். 24 செக்டரில் எது இருந்தது என்று தெரியாது. சிஸ்டம் ஃபைல் இருந்திருந்தால் கெட்டுப்போன பிரதியையே வேகமான டிஸ்க்குக்குக் குடி மாற்றுவீர்கள். தவிர அந்தக் காலத்து இன்ஸ்டலேஷன் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறை. புதிதாகப் போட்டால் பயாஸில் யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையை வைத்து, ஜிபிடி என்ற புது பிரிப்பு முறையிலேயே ஆரம்பிக்கலாம்.

நிறுவும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இது மிக முக்கியம். இரண்டு டிஸ்க்கும் இருந்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் உட்கார்ந்து, பூட் பகுதியை மட்டும் பழைய டிஸ்க்கில் வைக்கும் வாய்ப்புண்டு. பிறகு பழையதைக் கழற்றிய நாள் எஸ்எஸ்டி பூட் ஆகாது.

ப்ராடக்ட் கீ கேட்டால் "என்னிடம் இல்லை" என்று தாண்டுங்கள். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன அதே போர்டு என்பதால், அதே எடிஷனைப் போட்டால் இணையம் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்தது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். 22ஹெச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு தெரியும்.

#16 ரேம்ராசு

ரூஃபஸ்ல (பூட் பென்டிரைவ் எழுதுற மென்பொருள்) டிபிஎம் (பாதுகாப்பு சிப்) சோதனையைத் தூக்கிட்டு விண்டோஸ் 11 போட்டா ஓடுதே ப்ரோ?

#17 ஈயப்பற்று

ஓடும். 4ஆம் தலைமுறையில் அதற்குத் தேவையான கட்டளைத் தொகுதியும் இருக்கிறது. ஆனால் இன்டெல்லில் அதிகாரபூர்வப் பட்டியல் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். மாதாந்திர அப்டேட் வரலாம், ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் அதே குறுக்குவழியில் கையால் ஏற்ற வேண்டும். அதைச் செய்ய வீட்டில் ஆள் இருந்தால் போடலாம். பிள்ளைகள் மட்டும் தொடுகிற கணினி என்றால் நான் போடமாட்டேன்.

என் தேர்வு லினக்ஸ் மின்ட். இந்தப் போர்டுக்கு டிரைவர் எதுவும் தேட வேண்டியதில்லை. தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பாமினி ஃபான்ட்டையும் நிறுவலாம், லிப்ரெஆஃபிஸில் தெரியும். இடறுவது இரண்டு இடத்தில்: டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் ஓட வேண்டும் என்றால் வேண்டாம், பிரின்டர் மாடலை முதலில் நேரலை பென்டிரைவிலேயே இணைத்து ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள்.

#18 வெண்ணாற்றங்கரை

நிலவரம். பேட்டரி, சாட்டா கேபிள், 500 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி ரேம், மூன்று வயர் எக்ஸ்டென்ஷன் மாற்றியாயிற்று. மின்ட் போட்டேன், பிரின்டர் வேலை செய்கிறது. பட்டன் அமுக்கி 25 விநாடியில் திரை வருகிறது. மெம்டெஸ்ட் நான்கு சுற்று, எரர் இல்லை. ஸ்க்ரூவைத் தொட்டால் ஒன்றுமில்லை. பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

#19 கோப்பன்

பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, போட்டோக்கள் நிஜமாகவே வருகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுங்கள், 1 டிபிக்கு இரண்டரை மணி நேரம் போல ஆகும். முடிந்ததும் 05, சி5, சி7 மூன்றையும் சொல்லுங்கள். சி5 பூஜ்யமாகி 05உம் பூஜ்யமாகவே இருந்தால் செக்டர் பிழைத்தது. 05 ஏறினால் தள்ளிவைத்தது. எழுதிய பிறகும் சி5 இருந்தால் குப்பை.

#20 வெண்ணாற்றங்கரை

05: 18. சி5: 0. சி7: 4பி2.

#21 ஈயப்பற்று

24உம் மாற்று இடத்துக்குப் போய்விட்டன. கேபிளும் மாட்டிக்கொண்டது: அவ்வளவு எழுதியும் 1,202லேயே நிற்கிறது. சினிமா, பாட்டு போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை 05ஐப் பாருங்கள். 24 என்பது 30, 40 என்று நகர ஆரம்பித்தால் கழற்றி எலக்ட்ரானிக் கழிவில் கொடுத்துவிடுங்கள்.